தட்டினால் மூடாத கத்தி

என் வலது கை ஆள்காட்டி விரல் முழுதாக மடங்காது. பாதியில் நின்றுவிடும். சோறு பிசையும்போது மற்ற விரல்கள் வேலை செய்ய, அது மட்டும் யாரையோ சுட்டிக்காட்டுகிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். எப்படி ஆயிற்று என்று கேட்பவர்களிடம் சொல்லத் தொடங்குவேன். கத்தி மூடிக்கொண்டது என்கிற இடம் வந்ததுமே குறுக்கே ஒரு கேள்வி வந்துவிடும்: "நீங்க அத எப்படிப் புடிச்சிருந்தீங்க?" ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஆபீசில் கேட்டார்கள். வீட்டிலும் கேட்டார்கள். அது என்ன மாதிரிக் கத்தி என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

என் வேலை கிணறு அளப்பது. இறங்கிக் குளிக்கிற கிணறு இல்லை. எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயலோரத்திலும் முந்திரித் தோப்பு ஓரத்திலும் முழங்கால் உயரத்துக்கு இரும்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நிலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் போட்டது. அதன் மூடியைத் திறந்து, டேப்பை உள்ளே இறக்கி, நுனி தண்ணீரைத் தொட்டு பீப் என்று சத்தம் வந்ததும் எத்தனை மீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு குழாயையும் போய்ப் பார்த்தாக வேண்டும். ஸ்கூட்டர் போகிற வரைக்கும் ஸ்கூட்டர், அதற்கப்புறம் வரப்பு. தோளில் டேப் சுற்றிய உருளை, அதுவே ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும்.

என் கணவர் சுரங்கத்தில் பர்மனென்ட். அதனால்தான் எங்களுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நான் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறேன். காலையில் ஒரே வாசலிலிருந்து இரண்டு பேர் கிளம்புவோம். அவருக்கு ஹெல்மெட், ஷூ, கையுறை, கருவிகள் எல்லாம் வேலை செய்கிற இடத்திலேயே கொடுக்கிறார்கள். எனக்கு என் கான்ட்ராக்டர் கொடுத்தது ஒரு டேப், ஒரு நோட்டு.

இந்த வேலைக்கு டேப்பும் நோட்டும் மட்டும் போதாது. மழைக்காலம் முடிந்தால் குழாய் மூடியின் போல்ட் துருப்பிடித்து இறுகிவிடும். திருகக் குறடு வேண்டும். டேப்பின் பேட்டரி மூடியைக் கழற்றச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். மூடியைக் கட்டி வைத்திருக்கிற கம்பியை நறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சீமைக் கருவேலம். போன மாதம் வெட்டிவிட்டு வந்த இடத்தில் இந்த மாதம் ஆளுயரத்துக்கு நிற்கும். நான் வீட்டுக் குறடையும் காய் நறுக்குகிற கத்தியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். கத்தி பையைக் கிழித்துக்கொண்டு ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் விழுந்து கிடக்கும்.

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அடுத்த மாசம் வந்துரும்மா" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

என் பிறந்த நாளைக்கு என் கணவர் ஒரு கருப்பு டப்பாவை நீட்டினார். ஆன்லைனில் வாங்கியது. மேலே மலையேறுகிற ஒருவனின் படம், பக்கத்தில் பதினெட்டு இன் ஒன் என்று எழுதியிருந்தது. மல்டிடூல். கைக்குள் அடங்கும். விரித்தால் குறடு. கைப்பிடிக்குள்ளிருந்து கத்தி, ரம்பம், அரம், மூன்று ஸ்க்ரூ டிரைவர், கத்தரி, கம்பி நறுக்குவது, மீன் செதில் சுரண்டுவது, ஒயின் பாட்டில் தக்கையைப் பிடுங்குவது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. சேலை இல்லை, குக்கர் இல்லை, என் வேலைக்கு வேண்டியதை யோசித்து வாங்கியிருக்கிறாரே என்று மனசு நிறைந்துபோயிற்று.

இரண்டு மாதம் ஓடியது. சின்ன ஸ்க்ரூ டிரைவரின் முனை முறுக்கிக்கொண்டது. குறடின் இரண்டு தாடையும் சரியாகச் சேராமல் கம்பி நழுவியது. கத்தி லேசாக ஆடியது. நானும் பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். என்மேல் எனக்கு இருக்கிற கோபம் அவ்வளவுதான். மற்றது எல்லாம் மற்றவர்கள்மேல்.

கம்மாபுரம் பக்கம் ஒரு வயலோரக் குழாய். காலை பத்து மணி இருக்கும். கருவேலக் கிளை ஒன்று குழாய்க்குமேல் வந்து படர்ந்திருந்தது. என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத கிளை. கத்தியை விரித்து அறுத்தேன். பாதி அறுந்ததும் கத்தி மரத்தில் மாட்டிக்கொண்டது. உருவுவதற்காகக் கொஞ்சம் மேல்பக்கமாகத் தூக்கினேன். கத்தி வெளியே வரவில்லை. கைப்பிடிதான் கத்தியை நோக்கி மடிந்தது. டப்பாவை மூடுகிற மாதிரி, ஒரு சின்னச் சத்தத்தோடு.

முதலில் வலி தெரியவில்லை. விரலை நீட்ட முயன்றேன். அது நான் சொல்வதைக் கேட்கவில்லை. அப்புறம்தான் ரத்தம் வந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் ஓடி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"கைய மேல தூக்கிக்கினு இரு. எறக்காத. நான் வண்டி புடிக்கிறேன்" என்றார். கீழே கிடந்த மல்டிடூலைக் காலால் தள்ளிப் பார்த்து, "இந்தச் சனியனா கடிச்சிது?" என்று கேட்டார்.

அத்தனை பேரில் கத்தியைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ரோட்டுக்குப் போய், முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றிப் போன ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். எனக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் அந்தச் சனியனை எடுத்து என் பையில் போட்டு அனுப்பியது அவர்தான். அது இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

விரலை மடக்குகிற நரம்பு அறுந்துபோயிருந்தது. நரம்பு என்று நான் சொல்கிறேன், டாக்டர் அதை வேறு பெயர் சொல்லிச் சொன்னார். ஆபரேஷன் செய்து சேர்த்தார்கள். தையல் போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே அவர் கேட்டார்: "கத்திய எப்படிம்மா புடிச்சிங்க?"

என் கணவர் ஷிப்டிலிருந்து நேராக வந்தார். முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கட்டைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், தலையைத் தடவினார். அப்புறம், "நீ தப்பாப் புடிச்சிருப்ப. புது டூலு, அப்படியெல்லாம் மூடாது" என்றார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். ஆப்பிளோடு ஒரு பேப்பரும் இருந்தது. விபத்து அறிக்கை. எல்லாம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வாசித்துப் பார்த்தேன். "பணியாளர் தன் சொந்தக் கருவியைக் கவனக்குறைவாகக் கையாண்டதால்" என்று இருந்தது.

"சார், சொந்தக் கருவிய நான் ஏன் கொண்டுபோனேன்?" என்று கேட்டேன்.

"அதாம்மா எனக்கும் புரியல. யாரு உங்கள சொந்த டூல் எடுத்துட்டுப் போகச் சொன்னது?"

"கம்பெனி டூல் எங்க இருக்கு?"

"அது வேற விஷயம்மா."

"அதுதான் சார் விஷயம். நான் எழுதிக் குடுத்த பேப்பர் உங்க மேசைக் கண்ணாடிக்கு அடியில இருக்கு. மூடியத் தொறக்கக் குறடு இல்ல, முள்ளு வெட்டக் கத்தி இல்லன்னு எழுதியிருக்கேன்."

அவர் என் கணவரைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார். இது சும்மா ஃபார்மாலிட்டிதான்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. வலது கையில் கட்டு இருக்கிறது, எழுத முடியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. "இதுல இருக்கிறது பொய். நான் போடமாட்டேன்" என்றேன். சூப்பர்வைசர் ஆப்பிளை வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் நான் என் பையிலிருந்த மல்டிடூலை எடுத்து வந்து சமையல் மேடைமேல் வைத்தேன். ரத்தம் காய்ந்து கருப்பாக ஒட்டியிருந்தது. இடது கையால் அதைக் கழற்றத் தொடங்கினேன். கழற்ற முடியவில்லை, ஏனென்றால் அதில் ஸ்க்ரூவே இல்லை. எல்லாம் தட்டி நசுக்கிய ரிவெட். என் கணவர் அதுவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் சுத்தியலும் உளியும் கொண்டுவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பிளந்தோம்.

மடக்குக் கத்தியை விரித்தால், அதன் பின்புறத்தில் ஒரு தகடு வந்து நின்று, கத்தி திரும்ப மடங்காமல் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தகடு உள்ளே இருந்தது. பிஸ்கட் டப்பா மூடி தெரியுமல்லவா, அந்த அளவுதான் கனம். விரலால் அழுத்தினால் வளைந்தது. கத்தியின் அடிப்பகுதியில் அது பட்டு நிற்க வேண்டிய இடம் வழவழவென்று உருண்டு இருந்தது. நிற்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு மாதம் அது என் விரலை விட்டுவைத்ததுதான் ஆச்சரியம்.

என் கணவர் அந்தத் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்போடு வேலை செய்கிறவர். அவருக்கு விளக்கம் தேவையில்லை.

"தகரம்" என்றார். அதைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொன்னது தப்பு" என்றார்.

"சொன்னது மட்டுமா? பாக்காமலே சொன்னீங்க."

"ஆமா."

விற்றவனுக்கு எழுதுகிறேன் என்று போனை எடுத்தார். அவர் வாங்கிய ஆன்லைன் பக்கமே அங்கே இல்லை. அதே படம், அதே மலையேறுகிறவன், வேறு பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது இருபத்தொன்று இன் ஒன். கீழே ஆயிரக்கணக்கில் நட்சத்திரம். "சூப்பர் கிஃப்ட், அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது" என்று யாரோ எழுதியிருந்தார்கள். கொடுத்த அன்றைக்கே எழுதிய வாக்கியம். அதை வைத்து ஒரு கிளையை அறுத்துப் பார்த்தபின் எழுதியது ஒன்றுகூட அதில் இல்லை.

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. கருவி வேண்டும். கான்ட்ராக்டர் தரப்போவதில்லை. இந்த முறை டப்பாவின் மேல் எழுதியிருப்பதை வைத்து வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். பிளந்து பார்த்ததில் எனக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும், லூசானால் இறுக்கிக்கொள்ள. கத்தி விரிந்து நின்றபின் முதுகில் தட்டினால் மடங்கக் கூடாது. குறடை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் தெரியக் கூடாது. கைப்பிடி ஓரம் உள்ளங்கையை அறுக்கக் கூடாது. ஒரு கையால் விரிக்க வர வேண்டும், மறு கை கிளையைப் பிடித்திருக்கும். பதினெட்டு வேண்டாம். ஏழோ எட்டோ போதும். ஒயின் பாட்டிலை நான் எந்த வரப்பில் திறக்கப் போகிறேன்?

வடலூரில் ஒரு கடையில் பார்த்தேன். பரிசுப் பொருள் மாதிரி கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். தொட விடவில்லை. "பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோங்க" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

பண்ருட்டியில் ஒரு பெரிய ஹார்டுவேர் கடை. பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி. என் கையில் இன்னும் கட்டு இருந்ததால் என் கணவர்தான் வண்டி ஓட்டி வந்தார். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நான் மல்டிடூல் வேண்டும் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்து, "எதுக்கு சார், வண்டிக்கா, வூட்டுக்கா?" என்று கேட்டார்.

நான், "வெளி வேலைக்கு. முள்ளு வெட்டணும், போல்ட்டு திருகணும்" என்றேன்.

"எவ்ளோல பாக்குறீங்க சார்?" என்றார், மறுபடியும் என் கணவரிடம்.

"எனக்கு இல்லீங்க. அவங்களுக்கு. அவங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு என் கணவர் பெயின்ட் டப்பாக்கள் இருந்த பக்கம் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு அவர் செய்த உருப்படியான காரியம் அது.

கடைக்காரர் உள்ளே கைவிட்டு, ரோஸ் கலர் கைப்பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். "லேடீஸ்க்கு இது லைட்டா இருக்குங்க. பழம் நறுக்கலாம்."

நான் அதை விரித்து, கைப்பிடியை நுனியில் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகை அவருடைய மேசை விளிம்பில் தட்டினேன். படக்கென்று மூடிக்கொண்டது. அதை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். இரண்டாவதாக எடுத்துக் கொடுத்தார். பெரிய டப்பா, பளபளப்பு. தட்டினேன், மூடியது. மூன்றாவது முதல் தட்டில் நின்றது, இரண்டாவது தட்டில் மூடியது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாங்க இது, சாமான உடைக்கிறதுக்குன்னே வந்தா மாதிரி. இந்தத் தட்டு தட்டுனா எதுதான் மூடாது?"

"மூடாததத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். "இது மூடுன கத்தி செஞ்சது. நீங்க இப்ப மூணு எடுத்து வெச்சீங்களே, அதுமாதிரி ஒண்ணு. நான் தப்பாப் புடிக்கல. கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். கடையில் ஆணி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் என் கையைப் பார்த்தார். எழுந்து பின்பக்கம் போனார். பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு சின்னத் துணிப்பையோடு வந்தார். அதில் டப்பா கிடையாது, படம் கிடையாது. கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது.

"இதத் தட்டுங்க" என்றார்.

தட்டினேன். நின்றது. மறுபடி பலமாகத் தட்டினேன். மேசை விளிம்பில் தழும்பு விழுந்தது, கத்தி அசையவில்லை. குறடை மூடி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். இடுக்கில் வெளிச்சம் இல்லை. கட்டுக்கம்பி ஒரு துண்டு கேட்டேன். நறுக்கினேன், வெட்டுவாயில் பள்ளம் விழவில்லை. எண்ணிப் பார்த்தேன், குறடு, கம்பி வெட்டி, கத்தி, ரம்பம், அரம், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறப்பது. எட்டு. இடது கட்டைவிரலால் விரித்தேன். மூன்றாவது முயற்சியில் வந்தது.

"இத ஏங்க மொதல்லயே எடுக்கல?"

"லேடீஸ் யாரும் கேக்கறதில்லீங்களே."

"நான் கேட்டேனே."

"நீங்க எங்கங்க கேட்டீங்க. தட்டுனீங்க" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. விலை சொன்னார். ரோஸ் கலரைப்போலப் பல மடங்கு. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். ஆனாலும் வாங்கினேன். நல்லதை உள்ளே பூட்டி வைத்துவிட்டு விரலை வெட்டுவதை முன்னால் அடுக்கி வைத்திருக்கிறார்களே என்கிற எரிச்சல் ஊர் வந்து சேரும்வரை தீரவில்லை.

வேலைக்குத் திரும்பினேன். புதுக் கருவி இடுப்பில் இருந்தது. கம்மாபுரம் குழாய்க்குப் போய் அந்தக் கருவேலத்தை அடியோடு அறுத்துப் போட்டேன். இடது கையால் அறுத்ததில் அரை மணி நேரம் ஆயிற்று. ஆடு மேய்த்த அம்மாவுக்குப் புதுத் துண்டு ஒன்று வாங்கிப் போயிருந்தேன். அன்றைக்கு அவர் வரவில்லை. பக்கத்து வயலில் களை எடுத்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் சூப்பர்வைசரின் அறைக்கு நோட்டைக் கொடுக்கப் போனபோது, மூலையில் அட்டைப் பெட்டி ஒன்று பிரித்துக் கிடந்தது. உள்ளே கருப்பு டப்பாக்கள். மலையேறுகிறவன் படம். பதினெட்டு இன் ஒன்.

ஒரு டப்பாவைக் கையில் எடுத்தேன்.

"சார், என்ன இது?"

"நீங்கதான கேட்டுக்கிட்டே இருந்தீங்க. எல்லாருக்கும் டூல் வாங்கியாச்சு. நாளைக்கு சேஃப்டி மீட்டிங்ல குடுக்குறோம். சுரங்க மெயின் ஆபீஸ்லருந்து ஆபீசர் வர்றாரு, போட்டோ எடுக்கணும்."

"சார், என் வெரல வெட்டுனது இதுதான்."

"அது வேற கம்பெனிம்மா. டப்பா ஒரே மாதிரி இருக்கும். இது ஒரிஜினல்."

"ஒண்ணப் பிரிச்சுத் தட்டிக் காட்டட்டுமா?"

"சும்மா இரும்மா. போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி பிரிக்கக் கூடாது."

மறுநாள் காலை மீட்டிங்குக்குப் போகிற வழியில் மார்க்கெட்டில் நின்று வெண்டைக்காய் வாங்கினேன். விரல் பருமனில் பார்த்துப் பொறுக்கினேன். கடைக்காரம்மா, "பிஞ்சா எடு கண்ணு, இது முத்தல்" என்றார். "முத்தல்தான் வேணும்" என்றேன்.

ஷெட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். கிணறு அளக்கிறவர்கள் நாங்கள் நாலு பேர். பம்ப் ஆபரேட்டர்கள், குழாய் பிட்டர்கள் என்று இன்னும் இருபது இருபத்தைந்து பேர். ஆபீசர் பாதுகாப்பு பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அப்புறம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு டப்பா கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். வாங்கினேன். போட்டோவுக்கு நின்றேன். எடுத்து முடித்ததும், "சார், ஒரு நிமிஷம்" என்றேன்.

மேசைமேலேயே டப்பாவைப் பிரித்தேன். கத்தியை விரித்தேன். பையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து, விரல் இருக்க வேண்டிய இடத்தில், கைப்பிடியின் பிளவில் வைத்தேன். கத்தியின் முதுகை மேசையில் ஒரு தட்டு தட்டினேன்.

வெண்டைக்காய் இரண்டாக விழுந்தது. விதை மேசைமேல் உருண்டது.

நான் என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

சூப்பர்வைசர், "சார், அந்தம்மா கொஞ்சம் எமோஷனலா…" என்று தொடங்கினார். ஆபீசர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பக்கத்திலிருந்தவரின் டப்பாவை வாங்கித் தானே பிரித்தார். "காய் இருக்காம்மா?" என்று கேட்டார். கொடுத்தேன். வைத்தார், தட்டினார். அதுவும் வெட்டியது. இன்னொரு டப்பா, இன்னொரு காய். ஒன்று மட்டும் நின்றது. பின்வரிசையிலிருந்து பம்ப் ஆபரேட்டர் ஒருவர், "அத எனக்கு வெச்சுடாதீங்க சார், நாளைக்கு மூடிக்கும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிடுங்க" என்றார் ஆபீசர். "இப்பவே."

மீட்டிங் முடிந்து ஸ்கூட்டரை எடுக்கிற இடத்தில் சூப்பர்வைசர் வந்தார். "தனியா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. இத்தன பேருக்கு முன்னாடி…"

"தனியாத்தான் சார் சொன்னேன். பேப்பர்ல எழுதிச் சொன்னேன், நேத்து வாயால சொன்னேன். நீங்க ஆப்பிள் கொண்டுவந்த அன்னிக்கும் சொன்னேன். எதுலதான் சார் கேட்டீங்க?"

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் எனக்கு இருக்கிறதிலேயே தூரத்துக் குழாய்களைப் போட்டுக் கொடுத்தார். பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து எல்லோருக்கும் கருவி வந்தது. மல்டிடூல் இல்லை. தனிக் குறடு, தனி ஸ்க்ரூ டிரைவர், மடங்காத சின்ன அரிவாள், தடித்த கையுறை, போட்டுக்கொள்ள ஒரு கித்தான் பை. கனம் அதிகம்தான், வரப்பில் நடக்கும்போது தொடையில் இடிக்கும். ஆனால் எல்லாம் உருப்படியானவை. முள் வெட்டவும் போல்ட் திருகவும் அவற்றையே எடுக்கிறேன். சின்ன வேலைகளுக்கு இடுப்பில் என்னுடையதும் இருக்கிறது. வீட்டில் என் கணவருக்கு ஃபேன் ரெகுலேட்டர் கழற்ற வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்டுத்தான் எடுக்கிறார். ஒரு நாள் கேட்காமல் எடுத்துவிட்டார். அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த விபத்து அறிக்கையைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். என் கையெழுத்து இல்லாமலே ஃபைலில் போட்டிருந்தார்கள். "பணியாளர் கையெழுத்திட மறுத்தார்" என்று பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தை அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மீட்டிங்கில் நடந்ததைக் குறித்துப் புதிதாக ஒரு தாள் வைப்பதாகச் சொன்னார்கள், வைத்தும்விட்டார்கள். பழையதை எடுக்க முடியாதாம். ஃபைலுக்குள் போன தாளை எடுக்கிற வழக்கமில்லை என்றார் கிளார்க்.

ஒவ்வொரு மாதமும் கிணற்று அளவு நோட்டைக் கொடுக்கும்போது அதோடு அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் கொடுக்கிறேன். நடு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்து எழுதப் பழகிக்கொண்டேன். கிளார்க் இப்போதெல்லாம் நான் உள்ளே நுழையும்போதே கையை நீட்டிவிடுகிறார். "மறுபடியும் அதேதாம்மா?" என்று கேட்கிறார்.

"அதேதான் சார். சீல் போட்டு ஒரு காப்பி குடுங்க" என்கிறேன்.